கூத்து ஜமாவும் ஒரு கம்பெனிதான்

தெருக்கூத்து பற்றி இணையத்தில் தேடுகிற யாரும் 'கர்ண மோட்சம்' குறும்படத்தைத் தாண்டிப் போக முடியாது. முரளி மனோகர் இயக்கியது, எஸ். ராமகிருஷ்ணன் எழுதியது, தேசிய விருது வாங்கியது. ஒரு கூத்துக் கலைஞர் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆடுவதற்காகத் தன் மகனையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறார். வந்து பார்த்தால் நிர்வாகி இறந்துபோயிருக்கிறார், பள்ளி மூடிக் கிடக்கிறது. கையில் காசில்லாமல் கர்ணன் வேஷத்தோடு அவர் பட்டணத்துத் தெருவில் நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கும் முதல் தடவை தொண்டை அடைத்தது.

இந்தப் படத்தைப் புவனகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஜமா நடத்துகிற ஒரு வாத்தியாரிடம் என் போனில் போட்டுக் காட்டினேன். (கூத்துக் குழுவை இந்தப் பக்கம் ஜமா என்பார்கள், செட்டு என்றும் சொல்வதுண்டு. நடத்துகிறவர் வாத்தியார்.) கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். உருகிப்போவார் என்று காத்திருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் பண்ணியிருக்காரு. ஆனா தம்பி, அச்சாரம் எவ்ளோ வாங்கினாரு? மீதிப் பேரெல்லாம் எங்க?" என்றார்.

அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், கூத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்வியையும் கேட்கவே இல்லை என்று உறைத்தது. அந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு சில புத்தகங்களைத் திரும்பப் புரட்டியதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த 'மீதிப் பேர்'. ஒரு ஜமா என்றால் பத்திலிருந்து பதினைந்து ஆள். கட்டை வேஷம் கட்டுகிறவர்கள், பெண் வேஷம் கட்டுகிறவர்கள், கட்டியக்காரன், பெட்டி வாசிக்கிறவர், மத்தளம், முகவீணை, தாளம், பின்பாட்டு, சாமான் தூக்க ஒரு பையன். கர்ணன் என்று ஒருத்தர் தனியாக இருக்கவே முடியாது. அவர் பாடும் அடியைத் திருப்பிப் பாடப் பின்னால் ஆள் வேண்டும், திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். புஜத்திலும் மார்பிலும் கட்டுகிற அந்தக் கட்டைகளை (கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டியவை) தன் உடம்பில் தானே இறுக்கிக் கட்டிக்கொள்ளவும் முடியாது. படம் நம்மை அழவைப்பதற்காக முதல் வேலையாக ஜமாவைக் காணாமலடித்துவிட்டது. குழுவோடு வந்திருந்தால் அது வேறு கதை. பதினைந்து பேர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்! யாராவது ஒருவர் ஊருக்குப் போன் போட்டு நாளைக்கு வேறு கிராக்கி உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கூத்து ஏன் இன்னும் தொழிலாக நடக்கிறது என்பதற்கு நேரடியான காரணம் திரௌபதி அம்மன். கடலோரமாக ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போனாலும் சரி, உள்ளே குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு என்று சுற்றினாலும் சரி, ஊருக்கு ஊர் ஒரு திரௌபதி கோயில் கண்ணில் படும். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் எங்காவது ஓர் ஊரில் பாரதம் போட்டிருப்பார்கள். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்துத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று நாள் ஓடும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. பத்து நாள், பதினெட்டு நாள், அதற்கு மேலும்கூட, ஊரின் வசதியைப் பொறுத்தது. பிரசங்கத்தில் படிக்கிற பாரதம் வில்லிபுத்தூராருடையது. அவரும் இந்த நடுநாட்டுக்காரர்தான். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்து, வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பாடியவர். பாடினவர், படிக்கிறவர், ஆடுகிறவர், செலவு செய்கிறவர் எல்லோரும் ஒரே வட்டாரம்.

அந்தக் கடைசி ஆளை, செலவு செய்கிறவரை, கவனியுங்கள். இங்கே டிக்கெட் கிடையாது. ஊர் தலைக்கட்டு வரி போடுகிறது, ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓர் உபயதாரர் இருப்பார். மாசக்கணக்கு முன்னாடியே விழாக் குழு வாத்தியாரைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து நாள் குறித்துவிடும். முதல் ராத்திரி ஆயிரம் பேர் வந்தாலும் மூன்றாம் ராத்திரி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் ஜமாவுக்குப் பேசின தொகை பேசின தொகைதான். ஆள் வராத நஷ்டத்தை ஊர் ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாடகக் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. இதை யாரும் கொண்டாடி எழுதி நான் படித்ததில்லை.

இதன் அருமை தெரியவேண்டும் என்றால் டிக்கெட் விற்ற கம்பெனிகளின் கதையைப் படிக்க வேண்டும். அவ்வை தி. க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' (1972) எனக்குத் திரும்பத் திரும்பப் படிக்கப் பிடித்த புத்தகம். 1918ல், ஆறு வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அண்ணன்மாரோடு சேர்ந்தவர். தேசியம், தமிழ்ப் பற்று, மேடை நுணுக்கம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பது வசூல். அத்தியாயங்கள் ஊர் ஊராக நகர்கின்றன. ஓர் ஊரில் கொட்டகை பிடித்து உட்கார வேண்டும், வசூல் இருக்கும்வரை ஆட வேண்டும், குறைந்ததும் மூட்டை கட்ட வேண்டும். திரைச்சீலை, உடைப்பெட்டி, சமையல் பாத்திரம், ஐம்பது பிள்ளைகள் எல்லாம் ரயிலேறுவார்கள். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகிற அந்த மெயின் லைன் மட்டும் இல்லையென்றால் பாய்ஸ் கம்பெனி என்கிற ஏற்பாடே இந்தப் பக்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பாய்ஸ் கம்பெனியின் முதல் பிள்ளைகளின் தொண்டை. அதற்கும் ஒரு கெடு உண்டு: மகரக்கட்டு. பதிமூன்று பதினான்கு வயதில் குரல் உடைகிற அந்தக் காலத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர். நேற்றுவரை கூட்டம் இழுத்த பையன் இன்றைக்குப் பாட முடியாது. முதலாளிக்கு அது நஷ்டம், பையனுக்கு அது வாழ்க்கை. டிக்கெட் விற்கவில்லை என்றால் முதலில் குறைவது சம்பளம், அப்புறம் சாப்பாடு. கூட்டம் வராத ராத்திரியின் பாரம் கடைசியில் போய் உட்கார்ந்தது பத்து வயதுப் பிள்ளைகளின் தலையில். சண்முகம் இதை எங்கும் புகாராக எழுதவில்லை, நன்றியோடுதான் எழுதுகிறார். அவருடைய நன்றியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத்தான் நாம் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். சுவாமிகள் இவருக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்ற கதையைப் பரவசமாகச் சொல்வோம். மறுநாள் புது நாடகம் இல்லையென்றால் அடுப்பெரியாது என்கிற நிலைமை ஒரு கம்பெனியில் எத்தனை தடவை வந்திருக்கும் என்று கேட்க மாட்டோம்.

சுவாமிகள் வாதத்தில் விழுந்து, பேச்சும் போய், 1922 நவம்பர் 13 அன்று பாண்டிச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது, கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நாடகக்காரர்கள் வருஷா வருஷம் அங்கே கூடுகிறார்கள். சுவாமிகளுக்குப் பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ல் சொந்தக் கம்பெனி தொடங்கி, கடனோடும் புகழோடும் இருபத்தைந்து வருஷம் ஓட்டினார்கள். 1950களில் ஊர் ஊராகப் போகிற நிரந்தரக் கம்பெனி என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட முடிந்துபோனது. சினிமா கொன்றுவிட்டது என்று ஒரு வரியில் சொல்வது வழக்கம். அதே சினிமா கூத்தை ஏன் அதே வேகத்தில் கொல்லவில்லை? சினிமாக் கொட்டகை நாடகக் கொட்டகையின் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டது. கூத்தில் பிடுங்க டிக்கெட் இல்லை.

இடையில் ஒரு வார்த்தை பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி. 1891 ஜூலை 1 அன்று தொடங்கிய சுகுண விலாச சபையைப் பற்றி அவர் எழுதின 'நாடக மேடை நினைவுகள்' சுவாரஸ்யமான புத்தகம். ஆனால் அது வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சந்தா கட்டி ஆடின சபை. அங்கே யாருக்கும் அடுத்த வேளைச் சோறு நாடகத்திலிருந்து வரவேண்டியதில்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவன் கூத்தாடி, ஆசைக்கு ஆடுகிறவன் கனவான் என்கிற பிரிவினை நம் நாடக விமர்சனத்துக்குள் இறங்கினது இந்தச் சபைகள் வழியாகத்தான் என்பது என் எண்ணம். இன்னும் அது போகவில்லை.

சரி, கூத்தைப் பற்றின புத்தகங்கள். ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதின இரண்டு தொகுதிகள் (1988, 1991) செஞ்சியைச் சுற்றியும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் அலைந்து திரட்டியவை. அந்த உழைப்பைத் தாண்டி இன்றும் யாரும் போகவில்லை. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், அவன் மேல் நடக்கும் கூத்து, தீமிதி, எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிற புராணத் தர்க்கத்தை விரித்துக் காட்டுகிறார். ஆனால் அவர் பார்வையில் கூத்தாடிகள் சடங்கின் சாட்சிகள். தொழில் நடத்துகிறவர்களாக அவர்கள் கண்ணில் படுவது குறைவு. ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990ல் எழுதின புத்தகம் ஆட்டத்தையும் பாட்டையும் நெருங்கிப் பார்க்கிறது, வேஷம் ஓர் ஆளுக்குள் இறங்குகிற தருணத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. வாத்தியார் கேட்ட கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

பதில் இருக்கிற இடம் ஹன்னே டி புருயின் 1999ல் கொண்டுவந்த 'கட்டைக்கூத்து' ஆய்வு. ஒரு காலத்தில் கூத்தாடுவது சில குடும்பங்களுக்குக் கிராமத்தில் இருந்த மிராசு உரிமை. உரிமை என்றால் கடமையும்தான். கூப்பிட்டால் போய் ஆடியாக வேண்டும், கொடுக்கிறதை வாங்கிக்கொள்ள வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, பல சாதி ஆட்கள் சேர்ந்து ஒப்பந்தத்துக்கு ஆடுகிற தொழில் குழுக்களாக மாறினது எப்படி என்பதை அவர் காட்டுகிறார். சீசன் தொடங்கும் முன் வாத்தியார் நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிவைப்பது, வேஷத்துக்கும் திறமைக்கும் தக்கபடி பங்கு பிரிப்பது, நல்ல நடிகரை இன்னொரு ஜமா இழுத்துக்கொண்டு போவது, இதெல்லாம் கலையின் வெளிச் சமாசாரம் இல்லை என்று புரியவைத்த புத்தகம். ராத்திரிக்கு என்ன நாடகம், யார் துரியோதனன், எத்தனை மணிக்குக் கர்ணன் சாவான் என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.

அவரோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் பெயர். 1990ல் பி. ராஜகோபாலும் அவரும் மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து காஞ்சிபுரத்தில் சங்கம் ஆரம்பித்தபோது 'தெருக்கூத்து' என்ற சொல்லை விட்டு 'கட்டைக்கூத்து' என்பதை எடுத்துக்கொண்டார்கள். 'தெரு' என்ற முன்னொட்டில் இருக்கிற இளக்காரம் வேண்டாம் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் 'கூத்து' என்பார்கள், அதோடு சரி. நோட்டீஸ் அடிக்கும்போது 'நாடக சபா', 'நாடக மன்றம்' என்று போட்டுக்கொள்வார்கள். இளக்காரத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து அது. எந்தப் பெயரைச் சொன்னால் தொகை கூடும் என்பது வாத்தியாருக்குத் தெரியும். அதே சங்கம் 2002ல் குருகுலம் தொடங்கிப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்தது பெயர் மாற்றத்தைவிடப் பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ஊர் நஷ்டத்தைத் தாங்குகிறது என்றேன். அதற்காக ஜமாவில் நஷ்டமே இல்லை என்று அர்த்தமில்லை. முன்பணம் கொடுக்க வாத்தியார் வட்டிக்கு வாங்குகிறார். வாங்கினவர் நடுச் சீசனில் வேறு செட்டுக்குப் போய்விட்டால் அது போச்சு. வேன் வாடகை, மைக், லைட், சேலை சலவை எல்லாம் அவர் தலையில். இன்னொன்று: கூத்துச் சீசனும் முந்திரிக் கொட்டை பொறுக்குகிற சீசனும் ஒன்றாகவே வரும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நடிகருக்குப் பகலில் கூலி, ராத்திரியில் கூத்து. விடிய விடிய துரியோதனனாகக் குதித்தவர் காலையில் கொல்லைக்குப் போனால் அடுத்த ராத்திரி தொண்டை என்ன ஆகும்? போகாவிட்டால் வீட்டில் கேள்வி வரும். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் உடைந்தது. நடிகருக்குக் கூலி இல்லை, ஊருக்கு வரி கட்டக் காசில்லை. முந்திரி நட்டுக் காய்க்கச் சில வருஷம் ஆகும், கூத்து அதுவரை காத்திருக்க முடியாது.

அதைவிடக் கொடுமை 2020. ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அதாவது பங்குனியில். அச்சாரம் வாங்கியாயிற்று, நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, திருவிழா இல்லை. 2021லும் அதே மாதங்களை இரண்டாவது அலை தின்றது. வருஷம் முழுக்க ஆடுகிற கம்பெனி என்றால் நாலு மாசம் போச்சு என்று சொல்லலாம். ஜமாவுக்கு அந்த நாலு மாசம்தான் வருஷமே. சீசன் இல்லாத நாளில் கைகொடுப்பது சாவு. காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைப்பது வடதமிழ்நாட்டில் வழக்கம். இறந்தவருக்கும் மோட்சம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. கூட்டம் கூடக்கூடாது என்றால் அதுவும் இல்லை.

அரசு உதவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் யாருக்கு? கலைமாமணி ஓர் ஆளுக்கு. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் (2007ல் வந்தது) ஆளாளுக்கு அட்டை. மாத உதவித் தொகையின் பெயரே 'நலிந்த கலைஞர்' உதவி. நலிந்தால்தான் கிடைக்கும், நடத்தினால் கிடையாது. குழுக்களுக்கென்று மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தில் ரெபர்டரி கிராண்ட் உண்டு. அதற்குச் சங்கப் பதிவு வேண்டும், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு வேண்டும். வெற்றிலை பாக்கில் முடிகிற ஒப்பந்தத்துக்கு எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? நகரத்து நவீன நாடகக் குழுக்கள் இந்தக் காகித வேலையைக் கற்றுக்கொண்டன. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு ஊர்வரி இல்லையே. 1977ல் ந. முத்துசாமியோடு தொடங்கின கூத்துப்பட்டறை புரிசையிடமிருந்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டது, அதனால் புரிசைக்கும் வெளிச்சம் கிடைத்தது. ஊர் காசு போட்டுக் குழுவை நிறுத்துகிற அந்த ஏற்பாட்டை மட்டும் யாராலும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எம். ஆர். ராதாவின் நாடகங்களை அடக்குவதற்கென்று 1954ல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து ஞாநி வழக்குப் போட்டார், 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கருத்துச் சுதந்திரத்துக்கு நல்ல வெற்றி. கூத்துக்கு அந்தச் சட்டம் ஒருபோதும் பொருந்தியதில்லை. எழுத்துப் பிரதியை முன்கூட்டிக் கொடு என்றால் கட்டியக்காரன் எதைக் கொடுப்பான்? உள்ளூர்த் தலைவரைக் கிண்டல் செய்யும் வரி மேடையில்தான் அவன் வாயில் உதிக்கிறது. கூத்தை உண்மையில் இறுக்குகிற சட்டம் வேறு: 2000ல் வந்த ஒலி மாசு விதிகள். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம், அதற்கு மேல் இல்லை. 2005ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கூத்து தொடங்குவதே 10 மணிக்கு! விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், ஒவ்வொரு துகிலும் ஒவ்வொரு தபசும் யாரோ ஒருவர் கண்டும் காணாமல் இருப்பதால் நடக்கிறது. பக்கத்து ஊரோடு தகராறு, ஒரு பெட்டிஷன், அவ்வளவுதான். தூங்குகிறவர்களின் உரிமையை நான் மறுக்கவில்லை, எனக்கும் ஆடி மாசத்து ஸ்பீக்கர் பிடிக்காது. ஆனால் விடிய விடிய நடப்பது என்பது கூத்தின் உடம்பு. அதை 12 மணிக்கு வெட்டினால் மிஞ்சுவது அகாடமி விழாவில் வைக்கிற ஒன்றரை மணி நேர ஐட்டம்.

அப்படி என்ன இருக்கிறது விடியற்காலையில்? அர்ச்சுனன் தபசைப் பாருங்கள். நட்டுவைத்த பனைமரத்தின் உச்சிக்குப் பாடிக்கொண்டே ஏறுகிறார் நடிகர். மேலேயிருந்து பூவும் எலுமிச்சையும் எறிவார், பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். மணி நாலு நாலரை இருக்கும், பாதி ஊர் தரையில் பாய் விரித்துத் தூங்கியிருக்கும், அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்துகொள்ளும். துகில் ராத்திரியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொள்வதும் உண்டு. படுகளத்தில் மண் துரியோதனன் முன்னால் பாட்டிகள் விளக்குமாற்றோடு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். பார்வையாளர் என்று நாம் சொல்கிற அந்த ஆட்கள் இங்கே காசும் கட்டியிருக்கிறார்கள், விரதமும் இருக்கிறார்கள், மறுநாள் தீயும் மிதிக்கப் போகிறார்கள். நடிகர் வரியை மறந்தால் கூட்டத்திலிருந்து எடுத்துக்கொடுக்க ஆள் இருக்கும். எந்த நகரத்துக் குழுவுக்கும் இப்படி ஒரு கூட்டம் வாய்த்ததில்லை. ஜமா நடத்துகிற சந்தோஷம் என்று வாத்தியார் சொன்னதும் இதைத்தான், அவர் பாணியில்: "வெடிஞ்சப்புறம் எவனும் திட்டாம எழுந்து போனான்னா அன்னிக்குக் கூத்து நல்லாருந்துச்சுன்னு அர்த்தம்."

இதைக் காதல் கதையாக்கவும் நான் தயாரில்லை. ஊர் நஷ்டத்தைத் தாங்குகிறது என்றால் ஊர் அதிகாரமும் செய்கிறது. ஜமாவில் எந்தச் சாதி ஆட்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து எங்கே உட்காரவைத்துச் சோறு போடுவது என்று முடிவு செய்கிற ஊர்கள் உண்டு. பேசின தொகையில் கடைசி நாள் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆர்கெஸ்ட்ரா வைத்தால் வாலிபர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று பதினெட்டு நாளைப் பத்தாக்கி, பத்தை மூன்றாக்குகிற விழாக் குழுவும் உண்டு. 'அழிந்துவரும் கலை' என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்தக் குழுக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். கலை அங்கேதான் நாள் நாளாகக் குறைக்கப்படுகிறது, உள்ளே ஆடுகிறவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை.

வாத்தியாரின் மகன் டிப்பர் லாரி ஓட்டுகிறார். நல்ல குரல், பீமன் வேஷம் கட்டுவார் என்றார்கள். முழு நேரமாக இதற்கு வருவாரா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு கண்டா. பங்குனி பொறந்தா லீவு போட்டுட்டு வந்துடுவான்" என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், "உங்க ஊர்ல தீமிதி எந்த மாசம் தம்பி? குழுவுல யாராவது தெரிஞ்சவங்க இருந்தா நம்ம நம்பரக் குடுங்க" என்றார். குறித்துக்கொண்டேன்.